மஞ்சள் குறி

ரீகாவில் இரவு பதினொன்று.
பாத்திரம் தேய்க்காமல் கிடக்கிறது.
வரிசையில் நாற்பத்தோராவது விண்ணப்பம்:
எர்மெக், வயது முப்பத்தாறு,
பிஷ்கெக்கில் பதினான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்,
இப்போது போலந்தில், ஓட்டல் சமையற்கட்டில்
தட்டுகளை நனைத்து நீட்டுகிறவன்.

சான்றிதழ்: இல்லை.
காரணம் கேட்கும் கட்டத்தில்
'கம்பெனி மூடிவிட்டது,
அலமாரி முதலாளியோடு போய்விட்டது'
என்று எழுதியிருக்கிறான்.
முதலாளி எங்கே போனார் என்று கேட்க
எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

நாங்கள் பதினேழு பேர்.
ஆபீஸ் இல்லை, சம்பளம் இல்லை,
ரப்பர் ஸ்டாம்ப்கூட இல்லை.
ஒருவர் மாண்டிவீடியோவில், ஒருவர் அக்ராவில்,
இருவர் ஒரே ஊரில் இருந்தும் சந்தித்ததில்லை.
தெரிந்த வேலையைத் தெரிந்தவர் பார்த்து
'ஆம், இவருக்குத் தெரியும்' என்பது,
அதை வேலை கொடுப்பவர் நாலு பேர் காதில் போடுவது,
இவ்வளவுதான் சங்கம்.
அந்த 'ஆம்' வர மூன்று சாட்சி வேண்டும்.
விதியை எழுதியவள் நானேதான்,
எனக்கு வேலை போன மாதத்தில்,
கோபத்தோடு.

எர்மெக்குக்கு இரண்டு தேறின.
பழைய கூட்டாளி ஒருவன் குரல் அனுப்பினான்.
ஒன்பதாம் மாடி கலீனா சொன்னாள்:
'அவன் கை வைத்த பிறகு லிஃப்ட் நடுவழியில் நின்றதில்லை.
அந்த வீட்டில் நடுவழியில் நின்றது
என் கல்யாணம் மட்டும்தான்.'
மூன்றாவது எண்ணில் மணி போய்க்கொண்டே இருந்தது.

சரி, நானே பார்க்கிறேன் என்று
என் கட்டிடத்து லிஃப்டில் போனைப் பிடித்தபடி
ஏறி இறங்கி, சத்தத்தை மட்டும் அனுப்பினேன்.
மூன்று வாரமாக அது மூன்றாம் மாடியில்
இருமிவிட்டுத்தான் கிளம்புகிறது.
நானும் லிஃப்ட்காரிதான்.
கிழட்டு மோட்டார் என்று முடிவுகட்டியிருந்தேன்.

திரையில் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.
பின்னால் யாரோ தட்டுகளை அடுக்க,
'உஷ்' என்றான். அது எல்லா ஊர்ப் பாஷையும்தான்.
'இன்னொரு முறை.'
பிறகு,
'மோட்டார் மேல் பழி போடாதீர்கள்.
கதவு. கீழ்ப்பள்ளத்தில் ஏதோ மெல்லியது, உலர்ந்தது.
மூன்றாம் மாடியில் கொறிக்கிற ஆள் யார்?'

செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினேன்.
கத்தி முனையால் தடத்தைச் சுரண்டினேன்:
சூரியகாந்தி விதைத்தோல்,
நசுங்கி, கறுத்து, ஒரு கைப்பிடி.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
படித்த நிறுவனம். தேர்ச்சி ஆண்டு. முத்திரை எண்.
'இதர' என்பதில் எழுதினேன்:
விதைத்தோல், ஒரு கைப்பிடி, படம் இணைப்பு.

ஐந்து வாக்கில் நான்கு வேண்டும்.
மூன்று விழுந்தது.
ஒருவர், குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை.
மாண்டிவீடியோ ஒராசியோ எழுதினான்:
'காது ஆவணம் அல்ல.
நாளை கயிறு அறுந்தால்
உள்ளே நிற்கப்போவது உன் இரக்கமா?'
என் விதியை எனக்கே படித்துக் காட்டினான்.
அரைமணி நேரம் அவனைத் திட்டித் தட்டினேன்,
அழித்தேன்.
கயிற்றைப் பற்றி அவன் சொன்னது சரி.

பச்சைக் குறி இல்லை. மஞ்சள் தந்தோம்:
'இரண்டு சாட்சி உண்டு, சரிபார்ப்பு நடக்கிறது.'
பெயர் பட்டியலில் ஏறியது, கடைசிப் பக்கத்தில்.
எழுதினேன் அவனுக்கு, மன்னிப்பாகவும் இல்லாத
அறிவிப்பாகவும் இல்லாத ஒன்றை.
காலையில் பதில்:

'மஞ்சள் பரவாயில்லை, இல்ஸே.
லிஃப்டுக்குள் மஞ்சள் பொத்தான் எதற்கென்று
உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா?
அழுத்தினால் மணி அடிக்கும்.
யாராவது கேட்கும்வரை அழுத்தவேண்டும்.'

பிஷ்கெக்கில் மதியம் ஆகப்போகிறது.
மூன்றாவது எண்ணை மறுபடி போடுகிறேன்.
சர்வர் வாடகைக்குப் பதினோரு யூரோ குறைகிறது, அது வேறு.
மூன்றாம் மாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்,
லாட்விய மொழியிலும் ரஷ்ய மொழியிலும்:
கொறியுங்கள். வீட்டுக்குள் போய்க் கொறியுங்கள்.

மணி போகிறது.
பாத்திரம் அப்படியே இருக்கிறது.
மணி போகிறது.